எங்கே போகிறாய் என்று கேட்கிற ஊர்

போன மாதம் கோயில் சமையற்கட்டில் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்து தேங்காய் துருவிய ரஞ்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. மொன்றியலில் இல்லை. வடக்கே, விமானத்தில் மட்டுமே போகக்கூடிய ஒரு இனூயிட் ஊரில்.

"அக்கா, நீங்களும் உப்பிடி ஒரு இடத்திலைதானே வேலை செய்தனீங்கள்? கரடி வருமாமே?"

"கரடியை ஒருக்காத்தான் கண்டனான். அதுவும் தோலாய். மரச்சட்டத்திலை இழுத்துக் கட்டிக் காயவிட்டிருந்தவை."

"ஐயோ முருகா! அப்ப என்னத்தைச் சாப்பிட்டனீங்கள்?"

"சோறும் பருப்பும்தான். பெட்டியிலை கட்டிக்கொண்டு போனது."

"அந்தச் சனம் எப்பிடி, அக்கா? எங்களோடை சேருவினமோ?"

இந்தக் கேள்விக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டே பதில் சொல்ல ஏலாது. அதனால்தான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. சண்டைக்குள்ளே பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனை எழுதியதோடு ஊரில் என் படிப்பு சரி. கலியாணம் கட்டிய இவர் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டு, மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பிள்ளைகள் பிறந்தார்கள். முதியோர் இல்லம் ஒன்றில் ஆட்களைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றுகிற வேலை. பிறகு பிரெஞ்சு வகுப்பு, அதன் பிறகு நர்ஸ் கல்லூரி. பிள்ளைகள் மேசையின் ஒரு பக்கத்திலும் நான் மறுபக்கத்திலும் இருந்து வீட்டுப்பாடம் செய்த காலம் அது. தலை நரைக்கத் தொடங்கியபோது எனக்கு நர்ஸ் சீருடை கிடைத்தது. முருகன் தந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன்.

டவுன்டவுன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும்போதுதான் வடக்கிலிருந்து வருகிற நோயாளிகளைக் கண்டேன். ஒரு அம்மா கட்டிலில் இருந்து நாள் முழுக்க யன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பா. நோகுதா என்று கேட்டால் வாயே திறக்கமாட்டா. புருவத்தை மட்டும் மேலே தூக்குவா. நான் நாலு தரம் கேட்பேன், நாலு தரமும் தூக்குவா. அவ வீட்டுக்குப் போன பிறகுதான் ஒரு டாக்டர் சொன்னார், அவர்களுக்குப் புருவத்தைத் தூக்கினால் 'ஓம்' என்று அர்த்தமாம். நாலு தரமும் நோகுது என்றுதான் சொல்லியிருக்கிறா, பாவம். அன்றைக்கே எனக்கு ஒரு ஆசை விழுந்துவிட்டது. இந்தச் சனம் எங்கே இருக்குது, எப்படிச் சீவிக்குது, போய்ப் பார்க்கவேணும்.

இவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? இஞ்சை இருக்கிற குளிர் காணாதே?"

அப்படிச் சொன்னவர்தான் பிறகு பெட்டி கட்டித் தந்தார். அரிசி, பருப்பு, வறுத்து இடித்த தூள், அப்பளம், விபூதிப் பை, சின்ன முருகன் படம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். "விளக்கை நான் ஏத்துவன், நீர் யோசியாதையும்" என்றார்.

ஹட்சன் விரிகுடாக் கரையில் ஒரு சின்ன ஊர். ஒரு மரம் கிடையாது. நிலம் உறைந்து கிடப்பதால் வீடுகள் எல்லாம் கால் வைத்து உயரத்தில் நிற்கும். தண்ணீரை லொறியில் கொண்டுவந்து வீடு வீடாக நிரப்புவார்கள். ஊருக்கு ஒரு ரேடியோ. பிள்ளை பிறந்தாலும் அதில் சொல்லுவார்கள், கையுறை துலைந்தாலும் அதில் சொல்லுவார்கள். அங்கே ஆட்களோடு இங்கிலிஷ், தலைமை நர்ஸோடு பிரெஞ்சு. நான் இங்கே எல்லாரையும் எங்கட தமிழிலேயே கதைக்க விடுகிறேன்.

தலைமை நர்ஸின் பெயர் லிசெட். கியூபெக் மனுஷி, ஒல்லி, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு எல்லா இடமும் தேடுவா. கோபம் வந்தால் சத்தம் கூடாது, குறையும். நல்லாய்க் கோபம் வந்தால் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். நாங்கள் எல்லாரும் அந்த உதட்டைப் பார்த்துத்தான் நாளைத் தொடங்குவோம்.

காலையில் கிளினிக்குக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு லிசெட் செய்கிற முதல் வேலை, அவசரப் பையைத் திறப்பது. கண்ணால் பார்த்தால் போதாது, ஒவ்வொன்றையும் கையால் தொடவேணும் என்பா. ஊசி, குழாய், மூச்சுக்கு வைக்கிற மாஸ்க், மருந்துப் போத்தல், எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் போகும் அவவின் விரல். "கண் பொய் சொல்லும், கை சொல்லாது" என்பா. ஊரில் டாக்டர் இல்லை. டாக்டர் தொலைபேசியில்தான். அவரோடு கதைப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தா. நான் யார், யாரைப் பற்றிக் கதைக்கிறேன், என்ன கண்டேன், என்ன செய்துவிட்டேன், இப்போது என்ன வேணும். இந்த ஒழுங்கு பிசகினால் போனை என் கையிலிருந்து வாங்கிவிடுவா. நான் குளிக்கும்போது தேவாரத்துக்குப் பிறகு அதையும் ஒருக்கால் சொல்லிப் பார்ப்பேன்.

கிளினிக்கில் மொழிபெயர்க்கிறவவின் பெயர் மினா. நான் முதல் நாளே "மீனா" ஆக்கிவிட்டேன், அவவும் விட்டுவிட்டா. என்னிலும் கொஞ்சம் இளமை, குண்டு, எதற்கும் தோள் குலுங்கச் சிரிப்பா.

வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை கடைக்குப் பால் வாங்க வெளிக்கிட்டேன். படியால் இறங்கினதும் எதிரே வந்த ஒரு கிழவி, "எங்கே போகிறாய்?" என்றா.

எங்கட ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெளிக்கிட்டுப் போகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கலாமா? கேட்டால் போகிற காரியம் சரிவராது. கேட்டுவிட்டால் திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேணும். நானும் வீட்டுக்குள் திரும்பிப் போய், இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு வெளிக்கிட்டேன். தண்ணீர் லொறிக்காரன் நிறுத்திக் கேட்டான், "எங்கே போகிறாய்?" திரும்பி வந்தேன். இருந்தேன். குடித்தேன். அடுத்தது பாதிரியார் வீட்டுக்கு முன்னால் பனி தள்ளுகிறவன். அன்றைக்குக் கடை பூட்டும்வரை நான் பால் வாங்கவில்லை. வயிறு முட்டத் தண்ணீர்தான்.

திங்கட்கிழமை மினா கேட்டா, "சனிக்கிழமை உனக்கு என்ன நடந்தது? வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டு நிண்டியாமே. ஊரெல்லாம் கதைக்குது."

"ஒண்டுமில்லை, மீனா. நடைப்பயிற்சி" என்று சமாளித்தேன். மனதுக்குள், இந்த ஊர்ச் சனத்துக்கு வம்பு கொஞ்சம் கூடத்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆர் கேட்டாலும் கேட்கட்டும், நான் ஒருவரையும் அப்படிக் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அது மரியாதை என்றுதான் நினைத்தேன்.

என் பக்கத்து வீட்டுக்காரர் போலுசி. அறுபதை நெருங்குகிற வேட்டைக்காரர். இரத்த அழுத்தம், சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம். டாக்டர் அழுத்த மாத்திரையைக் கூட்டியிருந்தார், அதனால் இரத்தம் எடுத்துப் பார்க்கவேணும். எடுத்தவள் நான்தான். அங்கே ஆய்வுகூடம் இல்லை. குழாயை விமானத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேணும்.

அடுத்த நாள் காலை நான் வேலைக்கு இறங்கும்போது போலுசி வீட்டு முன்னால் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். பனியில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் இருக்கிறதே, ஸ்கிடூ, அதன் பின்னால் நீளமான மரச் சறுக்குவண்டியைக் கட்டிச் சாமான் ஏற்றினார். மனைவி கண் ஒப்பரேஷனுக்கு மொன்றியல் போயிருந்தா, வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. ஒரு பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு வண்டியின் விளிம்பில் இருந்து இளைப்பாறினார். பிறகு எழும்பி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் சிரித்துக் காலை வணக்கம் சொன்னேன். அவர் இன்னும் நின்றார். நான் கேட்கவில்லை. போகிற மனுஷனை மறிக்கக்கூடாது என்று மனதுக்குள் "முருகா, துணை" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஸ்கிடூ இரைந்து போகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

மத்தியானத்துக்கு முன்னம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எடுத்தது லிசெட். கேட்கக் கேட்க உதடு மட்டும் அசைந்தது. போலுசியின் இரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மேலே ஏறிவிட்டது. அது ஏறினால் கை கால் சோரும், பிறகு இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

"விமானத்திலை குலுங்கினதாலை பிழையாய்க் காட்டுறதும் உண்டு" என்றா லிசெட். "ஆனால் ஆள் இல்லாமல் எது உண்மை எண்டு சொல்லேலாது. ஆளைக் கொண்டுவாங்கோ, ஈசிஜி எடுப்பம்."

மினா போன் செய்தா. வீட்டில் ஒருவரும் இல்லை. உடனே ரேடியோவில் சொன்னா, போலுசியைக் கண்டவர்கள் கிளினிக்குக்குச் சொல்லுங்கள் என்று. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் அன்றைக்குக் காணவில்லை.

இதற்குள் திரும்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்த நான், "நான் கண்டனான்" என்றேன். "காலமை ஸ்கிடூவிலை வெளிக்கிட்டவர்."

மினாவின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! எங்கை போறன் எண்டு சொன்னவர்?"

"நான் கேக்கேல்லை."

மினா போனைக் கீழே வைத்தா. "ஏன் கேக்கேல்லை? உனக்கு அவரோடை கோபமோ?"

"ஐயோ, இல்லை. கோபமில்லாததாலைதான் கேக்கேல்லை. எங்கட ஆக்கள் போறவையைக் கேக்கமாட்டினம். கேட்டால் போற காரியம் கெட்டுப்போகும்."

மினா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் அதிசயம். தலையைச் சரித்து, ஒரு புது மிருகத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தா.

"இஞ்சை ஆரும் வெளிக்கிட்டால் காணுற ஆள் கேக்கோணும். காத்து எழும்பினால் ஒண்டும் தெரியாது. எந்தப் பக்கம் போனவர் எண்டு தெரிஞ்சால்தானே தேடலாம்? கேக்காமல் விட்டால், நீ வந்தாலென்ன வராட்டியென்ன எண்டு சொல்லுற மாதிரி." பிறகு கேட்டா, "அப்ப உங்கட ஊரிலை போன ஆள் வராட்டி, என்னெண்டு தேடுவீங்கள்?"

என் சின்னண்ணை சண்டைக் காலத்தில் ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு "போட்டு வாறன்" என்று படலையைத் திறந்தவர். அம்மா அடுப்படியில் நின்றவ. எங்கே என்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லையே. பிறகு எந்தச் சந்தியில், எந்த முகாமில், எந்தத் திசையில் என்று தேடுவது? இன்றுவரை தெரியாது.

"தேடினனாங்கள்" என்றேன் மினாவிடம். "காணேல்லை."

மினா புருவத்தைத் தூக்கினா. விளங்கிவிட்டது என்று அர்த்தம். கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தா.

"சரி. கேக்கேல்லை. பாத்தனிதானே? வண்டியிலை என்ன கிடந்தது?"

கண்ணை மூடி, லிசெட்டின் விரல்போல ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தேன். சாப்பாட்டுப் பெட்டி. நீல நிறத் தார்ப்பாய்ப் படங்கு. பெரிய இரும்பு உளி பூட்டின நீளமான கம்பு. மஞ்சள் கயிறு, பெரிய சுருள். பிளாஸ்ரிக் பீப்பா, வெறுமையாக.

"வேட்டைத் துவக்கு?"

"ஒண்டு முதுகிலை."

"அது எப்பவும் இருக்கும். கூடாரம்?"

"இல்லை."

"பெற்றோல் கான்?"

"ஒண்டுதான்."

மினா எழும்பிவிட்டா. கூடாரம் இல்லை என்றால் இரவு தங்கவில்லை. ஒரே ஒரு கான் என்றால் தூரம் போகவில்லை. உளியும் மஞ்சள் கயிறும் வெறும் பீப்பாவும் என்றால், உறைந்த ஏரிக்குக் கீழே விரித்த வலையை இழுத்து மீன் எடுக்கப் போயிருக்கிறார். அந்தக் குளிர்காலம் அவருடைய வலை கிடந்த ஏரி எது என்று அவருடைய மச்சானுக்குத் தெரியும். மச்சானும் இன்னும் இரண்டு பேரும் புறப்பட்டார்கள். கடற்பக்கமிருந்து காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. யன்னலுக்கு வெளியே பக்கத்து வீடு ஒருக்கால் தெரிந்தது, ஒருக்கால் மறைந்தது.

லிசெட் என்னைத் திட்டவில்லை. "நிக்காதை. ஆள் வரும் எண்டு நினைச்சு எல்லாத்தையும் எடுத்து வை" என்றா. கட்டிலை இழுத்தோம். ஈசிஜி வயர்களைப் பிரித்து வைத்தோம். கல்சியம், இன்சுலின், குளுக்கோஸ், மூச்சால் இழுக்கிற மருந்து, எல்லாம் ஒரு தட்டில். விமானத்துக்கும் சொல்லியாகிவிட்டது. என் கை வேலை செய்தது. மனம் முழுக்க அந்த மனுஷன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றதே வந்தது. கேள், நான் சொல்லுகிறேன் என்று நின்றிருக்கிறார்.

பின்னேரம் ஸ்கிடூ சத்தம் கேட்டது. சறுக்குவண்டியில் படங்கால் சுற்றிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். வலையை இழுக்கப் பலம் இல்லாமல் பனியில் இருந்துவிட்டாராம். எழும்ப முடியவில்லை. ஆனாலும் வாய் குறையவில்லை.

"பாதி மீன் வலையிலை கிடக்குது" என்று மினாவிடம் முறைப்பட்டார். "காகத்துக்கு விருந்து."

ஈசிஜி கடதாசி ஓடிவந்தது. லிசெட் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டா. வழக்கமாக ஒரு சின்ன மேடுபோல வரவேண்டிய கோடு, கூராக, கோபுரம்போல எழும்பி நின்றது. விமானக் குலுக்கல் இல்லை. உண்மைதான்.

நான் போன் எடுத்தேன். யார், யாரைப் பற்றி, என்ன கண்டேன், என்ன செய்தேன், என்ன வேணும். டாக்டர் ஒரு கேள்வியும் திருப்பிக் கேட்காமல் மருந்தைச் சொன்னார்.

முதலில் கல்சியம். அது பொட்டாசியத்தை இறக்காது, இதயத்துக்கு ஒரு கவசம்போல நிற்கும், அவ்வளவுதான். அதை நரம்பில் மிக மெதுவாக ஏற்றவேணும். அவசரப்பட்டால் அந்த மருந்தே இதயத்தை நிறுத்திவிடும்.

"நீ போடு" என்றா லிசெட். "நான் திரையைப் பாக்கிறன். தூஸ்மான், தூஸ்மான்." மெதுவாக, மெதுவாக என்று.

ஊசியின் பிடியைத் தள்ளத் தள்ள வாய்க்குள் "ஓம் சரவணபவ" சொல்லிக்கொண்டேன். ஒரு தரம் சொல்லி முடிய ஒரு சொட்டளவு.

"ஆரோடை கதைக்கிறாய்?" லிசெட் திரையிலிருந்து கண் எடுக்கவில்லை.

"கடவுளோடை."

"இன்னும் கொஞ்சம் மெதுவாய் எண்டு அவரிட்டைச் சொல்லு."

சொன்னேன். திரையில் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து மேடானது. பிறகு இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து. நீரிழிவு இல்லாத ஆளுக்கு ஏன் இன்சுலின் என்று நினைப்பீர்கள். இன்சுலின் பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து உடம்பின் தசைக்குள் தள்ளிவிடும். சீனி குறைந்து போகாமல் இருக்கத்தான் குளுக்கோஸ். விரலைக் குத்திக் குத்திச் சீனி பார்த்தேன். போலுசி ஒவ்வொரு குத்துக்கும் மூக்கைச் சுளித்தார். அங்கே அது 'இல்லை' என்கிற சொல். "மாட்டன் எண்டுறார்" என்று மினா மொழிபெயர்த்தா. "அது எனக்கும் விளங்குது" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டோம். காற்று விழுந்த இடைவெளியில் விமானம் இறங்கி அவரை ஏற்றிக்கொண்டு போனது.

அவர் திரும்பி வந்தது பனி உருகத் தொடங்கிய காலத்தில், மனைவியோடு. வந்த அடுத்த நாளே உறைந்த ஒரு பெரிய மீனோடு என் கதவுக்கு வந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, நான் மச்ச மாமிசம் தொடுவதில்லை. வாங்கி வெளிப்படியிலேயே வைத்துவிட்டு, சனிக்கிழமை வறுத்த தூள் போட்டுக் குழம்பு வைத்து அவர்களுக்கும் மினாவுக்கும் கொடுத்தேன். போலுசி கண்ணீர் வடியச் சாப்பிட்டார். உறைப்புத்தான். பச்சையாய்ச் சாப்பிட்டால் இந்த ஆபத்து இல்லை என்று மினா மூலம் சொல்லி அனுப்பினார்.

பிறகு எத்தனையோ தரம் போய் வந்து அங்கே வேலை செய்தேன். ஓய்வு பெற்றுக் கடைசி முறை விமானத்துக்குக் காத்து நின்றபோது போலுசி வந்தார். எல்லாம் தெரிந்துகொண்டே இங்கிலிஷில் கேட்டார்.

"எங்கே போகிறாய்?"

திரும்பிப் போய்த் தண்ணீர் குடிக்கவேணும் என்று எனக்குத் தோன்றவில்லை. "மொன்றியலுக்கு. பார்க் எக்ஸ்டென்ஷன், பச்சைக் கதவு, மூன்றாம் மாடி. புருஷன் வழி பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார்.

ரஞ்சி, உன் கேள்விக்கு இதுதான் பதில். சேருவார்கள். நீதான் கேட்கவேணும்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு இந்தப் பழக்கம் விடவில்லை. இவர் மேலங்கியைப் போட்டால் வாய் தானாகக் கேட்டுவிடும், "எங்கை போறியள்?"

"போகேக்கை கேக்காதையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்று கத்துவார். மேலங்கியோடு கதிரையில் இருப்பார். தண்ணீர் கொடுப்பேன். குடித்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பார்க் மெட்ரோவடிக் கடைக்கு. முருங்கைக்காய் வந்திருக்காம்" என்பார். ஒருநாள் அந்தக் கோபத்துக்கு நடுவில் அவருக்குப் போலுசியின் கதையைச் சொன்னேன். சின்னண்ணையின் கதை அவருக்கு முன்னமே தெரியும். குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

போன கிழமை நான் சாமி அறையில் இருந்தேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இவர் போய்விட்டார், நான் கேட்கவில்லை. விளக்கின் முன்னால் இருந்தபடியே மனம் ஒருமாதிரி ஆனது. கொஞ்ச நேரத்தில் படியில் மூச்சு வாங்குகிற சத்தம். முழங்கால் நோவோடு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, மூன்று மாடியும் திரும்பி ஏறி வந்து கதவைத் திறந்தார்.

"மருந்துக் கடைக்குப் போறன்" என்றார். "சொல்ல மறந்து போனன்."

கதிரையை இழுத்துப் போட்டேன். இருந்தார். தண்ணீர் எடுத்து வந்தேன்.